பெண்ணிடம் சேர்க்க வேண்டிய கார்

நானும் என் கணவரும் தேனிலவுக்குப் போனது வேறொரு பெண்ணின் சீர் காரில். ஓட்டி வந்தவர் எங்கள் வீட்டு உரிமையாளர். ஹம்பியில் கல் தேருக்கு முன்னால் எடுத்த ஒரு போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. இடது ஓரத்தில் நான், வலது ஓரத்தில் என் கணவர், நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்பவர் அவர். பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் அவரைத்தான் யாரென்று கேட்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயமுத்தூர் கணபதியில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே அவரும் அவர் மனைவியும். வீட்டுக்குப் பின்னால் அவருடைய மகன்களின் லேத் பட்டறை. காலை எட்டு மணிக்குப் பட்டறை ஓட ஆரம்பித்தால் எங்கள் அடுக்களையில் டம்ளர்கள் தாமாக நகரும். பட்டறையை மகன்களிடம் விட்டதிலிருந்து அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஊர் சுற்ற ஆசை மட்டும் மலையளவு இருந்தது. சொந்தக் காசில் சுற்ற மனம் வரவில்லை. அந்த ஆசைக்கும் இந்த மனசுக்கும் நடுவில் அவர் கண்டுபிடித்ததுதான் சீர் கார்.

எங்கள் பக்கத்து வசதியான வீடுகளில் பெண்ணுக்கு நகையோடு ஒரு காரும் கொடுப்பது அப்போது பரவிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பம்பாயிலோ ஐதராபாத்திலோ வேலையில் இருப்பார். கார் இங்கே வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிற்கும். யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். லாரியில் ஏற்றினால் கீறல் விழும் என்று பயம். சம்பளத்துக்கு டிரைவர் போட்டால் எப்படி ஓட்டுவானோ என்று பயம். இவரோ உறவுக்காரர் மாதிரி வருவார், வெள்ளைச் சட்டை போட்டிருப்பார், மெதுவாக ஓட்டுவார். பெட்ரோலும் வழிச் சாப்பாடும் திரும்பி வர ரயில் டிக்கெட்டும் கொடுத்தால் போதும். சம்பளம் என்று பேச்செடுத்தால் முகம் சுருங்கிவிடும். "நானென்ன டிரைவருங்களா? நம்ம ஊட்டுப் புள்ளைக்குக் காரு கொண்டுபோறேன்" என்பார். அந்தப் புள்ளையை அதுவரை பார்த்திருக்கக்கூட மாட்டார்.

இப்படியே அவர் பாதி இந்தியாவைப் பார்த்துவிட்டிருந்தார். மீதிப் பாதியைப் பார்த்தது, கார் போக வேண்டிய ஊருக்குப் போகாமல் சுற்றியதால்.

அவர் வாயில் எப்போதும் இருந்த சொல், "வழியிலதானுங்க இருக்குது." ஐதராபாத்துக்குப் போன ஒரு கார் பூரி ஜெகந்நாதர் கோயில் பிரசாதத்தோடு போய்ச் சேர்ந்தது. பெண்ணின் அப்பா திருப்பூரிலிருந்து போன் செய்து, "ஏனுங்க, பூரி எங்கீங்க, ஐதராபாத் எங்கீங்க?" என்று அழாத குறையாகக் கேட்டாராம். "ரெண்டும் வடக்கதானுங்க" என்றார் இவர்.

அவரிடம் மகன்கள் படித்த பழைய பள்ளிக்கூட அட்லஸ் ஒன்று இருந்தது. புறப்படுவதற்கு முன் அதை விரித்து, பட்டறையில் தேய்ந்து அகன்ற கட்டைவிரலை அதன்மேல் வைப்பார். அந்த விரலுக்கு அடியில் நாலு ஜில்லா மறைந்துபோகும். மறைந்ததெல்லாம் வழியில் இருப்பதாகக் கணக்கு. ஆனால் சுற்றுவழிக்கான பெட்ரோலைத் தன் கைக்காசில் போட்டுவிடுவார். அதில் மட்டும் சுத்தம்.

"அவங்க வாரேன்னு சொன்ன நாளைக்கு நான் உலையே வெக்கறதில்லை அம்மணி" என்பார் அவர் மனைவி. "ரெண்டு நாள் கழிச்சுத்தான் அரிசியே எடுப்பேன்."

மொழி அவருக்கு ஒரு தடையாகவே இருந்ததில்லை. கன்னடக்காரரிடம் தமிழை 'ங்க' போட்டுப் பேசினால் அது கன்னடம். மராட்டிக்காரரிடம் அதே தமிழை இன்னொரு 'ங்க' சேர்த்துப் பேசினால் அது மராட்டி. ஆச்சரியம் என்னவென்றால் அவர்களும் பதில் சொன்னார்கள். எங்கே நின்றாலும் எதிராளியின் குடும்ப விவரம் முழுக்கத் தெரிந்துகொள்ளாமல் நகரமாட்டார். எங்களோடு ஊர் திரும்பும்போது தாவணகெரேயில் டீ குடிக்க இறங்கினோம். டீக்கடைக்காரரின் மகள் பிரசவத்துக்கு எப்போது வருகிறாள் என்று தெரிந்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

எங்கள் பயணத்துக்கு வருகிறேன். என் கணவர் ஃபவுண்டரியில் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஐந்தாறு மாதம் ஆகியும் ஊட்டிக்குக்கூட எங்களால் போக முடியவில்லை. ஒரு நாள், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் வீட்டு உரிமையாளர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அம்மணி, புனாவுக்கு ஒரு காரு போகுது. பின்சீட்டு சும்மாதான கெடக்குது, நீங்க ரெண்டு பேரும் வாங்க. திரும்பறப்ப ரயில் டிக்கெட்டு மட்டும் எடுத்துக்குங்க" என்றார். என் கணவர் தயங்கினார். நான் தயங்கவில்லை.

கார், கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவருடையது. ஒரே மகளைப் புனாவில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாரும் நம் பக்கத்து ஆட்கள்தான். அங்கே போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கல்யாணத்தில் பேசிய மாருதி தாமதமாகித்தான் கைக்கு வந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் ஆலைக்காரர் முகம் கோணியது. எங்கள் அண்ணன் அசரவில்லை. "புதுசாக் கல்யாணமான ஜோடி ஏறுன வண்டிங்க, உங்க புள்ளைக்கு நல்ல சகுனம்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். ஆலைக்காரர் அவரிடம், "காரைப் பத்திரமாப் பொண்ணுகிட்டச் சேத்திப்போடுங்க. அதுக்குத்தான் உங்ககிட்டக் குடுக்கறேன்" என்றார்.

பெண்ணின் அம்மா முறுக்குத் தூக்கையும் பருப்புப் பொடியையும் என் மடியில் வைத்துவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "போன்ல பேசறப்பப் பக்கத்துல ஆரோ நிக்கற மாதிரியே பேசறா அம்மணி. எப்படி இருக்கறான்னு பாத்துட்டு வந்து சொல்லு, சாமி."

கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பவானியில் வண்டி நின்றது. கூடுதுறையில் அவர் முங்கிக் குளித்துவிட்டு வரும்வரை நாங்கள் காரைக் காவல் காத்தோம். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சீட்டின் பிளாஸ்டிக் உறையை எடுக்கவிடமாட்டார். வெயிலில் முதுகு அதில் ஒட்டிக்கொள்ளும். அசைந்தால் சர்ரென்று சத்தம் வரும். டேப் ரெக்கார்டர் இருந்தது, தொடக்கூடாது. "அந்தப் புள்ளைதான் மொதல்ல பாட்டுப் போடோணும். அதோட காருங்கோ" என்பார். அதற்குப் பதிலாக அவரே பேசிக்கொண்டு வந்தார். வேகமோ, டிராக்டர்கள் எங்களை முந்தும் வேகம். ஒரு டிராக்டர்க்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சித்ரதுர்காவில் நேராகப் போக வேண்டிய கார் வலது பக்கம் திரும்பியது. என் கணவர் என்னைப் பார்த்தார். "ஹம்பிங்க" என்றார் முன்சீட்டுக்காரர். அடுத்து என்ன சொல்வார் என்று தெரிந்து நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்னோம். அவருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷப்பட்டார், இனம் கண்டுகொண்டவர் மாதிரி.

புனா போய்ச் சேர்ந்தது ஒரு மாலை. நல்ல குளிர். மாப்பிள்ளை வீடு இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட். காரைப் பார்க்க எல்லோரும் கீழே இறங்கி வந்தார்கள், பெண்ணைத் தவிர. மாமனார் ஒரு கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். மாமியார், "வெள்ளைன்னு சொன்னமே, இதென்ன சாம்பல்?" என்றார். மாப்பிள்ளை சாவியை வாங்கிக்கொண்டார். 'வாங்க' என்று சொல்லவில்லை.

மேலே போனோம். அந்தப் பெண் டீ கொண்டுவந்தாள். அவள் அப்பா வீட்டுக் கல்யாணப் போட்டோவில் பார்த்த முகத்தில் பாதிதான் இருந்தது. "எப்படிக் கண்ணு இருக்கற?" என்று இவர் கேட்டார். "நல்லா இருக்கறா" என்றார் மாமியார். "குளுரு ஒத்துக்குச்சா கண்ணு?" "அதெல்லாம் பழகிடுச்சு" என்றதும் மாமியார்தான். யாரிடமும் முழு வரலாற்றையும் கறந்துவிடுகிற மனிதருக்கு அந்த வீட்டில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் முறுக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். தூக்கை வாங்கக் கை நீட்டினாள். வளையலுக்கு மேலே மணிக்கட்டில் சுற்றிக் கருநீலமாக இருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"அக்கா, எங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லீராதீங்க. காரு வரலைன்னுதான் இவ்வளவும். அதான் வந்துருச்சில்லீங்க, இனிச் சரியாப் போயிரும்."

மாமியார் பின்னாலேயே வந்துவிட்டார். நான் முறுக்கைப் பற்றிப் பேசினேன்.

நாங்கள் ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினோம். நான் கண்டதைச் சொன்னேன். வழக்கமாக எந்த ஊரில் இறங்கினாலும் லாட்ஜ்காரரிடம் "இங்க பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்று ஆரம்பிப்பவர், அன்று சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்துப் பார்த்தார்.

"டூப்ளிகேட் சாவி. குடுக்க மறந்துபோட்டேன்" என்றார்.

மறந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சுற்றுவழிப் பெட்ரோலில் நயா பைசா பிசகாதவர் சாவியை மறப்பாரா?

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் கிளம்பி, சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போனோம். மாடிப்படி ஏறும்போதே பார்த்துவிட்டேன். பூட்டிய கதவுக்கு வெளியே, படியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். நேற்றுக் கட்டியிருந்த அதே சேலை. காலில் செருப்பில்லை. குளிரில் உதடு வெளுத்திருந்தது.

"எப்பருந்து கண்ணு இங்க உக்காந்திருக்கற?"

"விடியறதுக்கு முன்னாலிருந்துங்க. நேத்து இந்த அக்காகிட்ட என்ன பேசுனேன்னு கேட்டாங்க. ஒண்ணும் பேசலைன்னு சொன்னனுங்க."

அவர் தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அவள்மேல் போர்த்தினார். "எந்திரி கண்ணு, ஊருக்குப் போலாம்."

"செருப்பு உள்ள இருக்குதுங்க."

"காருக்குள்ள எதுக்குச் செருப்பு?"

நான் அவளைக் கீழே கூட்டிப்போனேன். அப்படியே போய்விடுவோம் என்றுதான் நினைத்தேன். அவரோ மேலேயே நின்று காலிங் பெல்லை அழுத்தினார். கூடவே நின்ற என் கணவர் பிறகு சொல்லித்தான் மீதி எனக்குத் தெரியும். கதவு திறந்ததும் கும்பிடு போட்டாராம்.

"பொண்ண அவங்கப்பன் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க. காரு அந்தப் புள்ள பேர்லதான் இருக்குதுங்க, அதனால அதையும் எடுத்துக்கறனுங்க. நேத்து நான் குடுத்த சாவி உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க, ஒண்ணும் அவசரமில்லை."

மாப்பிள்ளை பாய்ந்து வந்து, போலீசைக் கூப்பிடுவேன் என்று கத்தியிருக்கிறான்.

"வாங்க, நம்ம காருலயே போயிரலாமுங்க. ஸ்டேஷன் வழியிலதானுங்க இருக்குது. வாரப்பவே பாத்து வெச்சேன்."

பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று திறந்தது. எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் படியில் உட்கார்ந்திருக்கும் காலைகளைப் பற்றித் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளை உள்ளே போய்விட்டான். இவர் திறந்த கதவுகளுக்கும் ஆளுக்கொரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

புனாவைத் தாண்டியதும் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நிறுத்தி ஆலைக்காரருக்குப் போன் போட்டார். "பொண்ணும் காரும் பத்திரமா இருக்குதுங்க. ரெண்டையும் கூட்டிட்டு வாரனுங்க" என்று சொல்லி, அவர் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகாவது நேராக வீட்டுக்குப் போவார் என்று நினைத்தோம். பெல்காமில் வண்டி வலது பக்கம் திரும்பியது. என் கணவருக்கு லீவு முடிந்துகொண்டிருந்தது. "இப்பவுமாங்ணா?" என்று கேட்டேவிட்டார்.

"தம்பி, அந்தப் புள்ள இந்த மூஞ்சியோட போய் அப்பன் முன்னால நிக்க வேண்டாம். ரெண்டு நாள் போகட்டும்."

கோவாவில் கடல். எனக்குத் தெரிந்து அந்தப் பெண் புனாவை விட்டபின் முதல்முறையாகத் தானாகப் பேசியது அங்கேதான். "காலை நனைக்கலாமுங்களா?" என்று அவரிடம் அனுமதி கேட்டாள். "ஆரைக் கேக்கற கண்ணு? போ" என்றார். முதலில் ஓரமாக நின்றாள். ஒரு அலை முழங்கால்வரை வந்து சேலையை நனைத்ததும் கூச்சலிட்டுச் சிரித்தாள். நானும் போனேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீன்காரி ஒருத்தியிடம் அவள் குடும்பத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார், 'ங்க' போட்டு.

அன்று மாலை காரில் ஏறியதும், "கண்ணு, அந்த டேப்ப ஒருக்காப் போட்டுப் பாரு. ஓடுதா என்னன்னு தெரியலை" என்றார். அவள் போட்டாள். பிளாஸ்டிக் உறையையும் அவளே கிழித்தாள். ஊர்வரை எங்கள் முதுகு பிழைத்தது.

கோபியில் ஆலைக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். அம்மா ஓடிவந்து மகளை உள்ளே அணைத்துக்கொண்டு போய்விட்டார். ஆலைக்காரர் மகளைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை, இவரை மட்டும் பார்த்தார்.

"உங்ககிட்ட நான் என்ன சொல்லி அனுப்பிச்சேன்?"

"காரைப் பத்திரமாப் பொண்ணுகிட்டச் சேத்தச் சொன்னீங்க. சேத்திட்டனுங்க."

ஆலைக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். காப்பி குடிக்கச் சொல்லவும் இல்லை. நாங்கள் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் பிடித்தோம். வழி முழுக்க அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். ஒரு இடத்தையும் காட்டவில்லை.

செய்தி காரைவிட வேகமாகப் பரவியது. கட்டிக்கொடுத்த பெண்ணைத் திருப்பிக் கூட்டிவந்தவர் என்று பெயர். அதற்குப் பிறகு ஒரு தகப்பனும் அவரிடம் சீர் காரைக் கொடுக்கவில்லை. முகூர்த்த மாதங்கள் வந்தன, போயின. பெங்களூருக்கும் பம்பாய்க்கும் மாலை போட்ட கார்கள் வேறு யார் யாரோ ஓட்டிப் போயின. கணபதி மெயின் ரோட்டில் அப்படி ஒன்று போனால் அது மூலை திரும்பும்வரை நின்று பார்ப்பார். "செகண்ட் கியர்லயே போறான் பாருங்க அம்மணி" என்பார். நாள் தவறாமல் உரிய நேரத்தில் உலை வைக்க வேண்டியிருப்பதுதான் அவர் மனைவிக்குப் பழகவில்லை.

அப்புறம் ஒரு நாள் மதியம், பட்டறைச் சந்து வழியாக ஒரு அம்மா வந்தார். நல்ல பட்டுச் சேலை. ஆனால் முன்வாசலில் வராமல் பின்வாசலில் வந்திருந்தார். நான் கீழே அவர் மனைவியோடு வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். வந்தவர் உட்காரவில்லை.

"ஏனுங்க, எம்பொண்ணு பெங்களூர்ல இருக்கறாங்க. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வருவீங்களா? எங்கூட்டுக்காரர்கிட்டச் சொன்னா, ஒண்ணும் இருக்காது போன்னு சொல்றாருங்க." பின்வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "கார் குடுத்தெல்லாம் அனுப்ப முடியாதுங்க. பஸ்ஸுக்குத்தான் குடுக்க முடியும்."

பஸ் என்றதும் எங்கள் அண்ணன் முகத்தில் ஒரு வேதனை ஓடியது. பஸ் எங்கேயும் திரும்பாது, நேராகப் போகும். ஆனாலும் யோசிக்கவில்லை.

"போறனுங்க. ஆனா வெறுங்கையோட போனா வாசப்படியிலயே பேசி அனுப்பிப்போடுவாங்க. நீங்க அந்தப் புள்ளைக்கு ஒரு கிரைண்டர் வாங்கிக் குடுங்க."

"கிரைண்டருங்களா? அங்க இருக்குதுங்களே."

"இருந்தா இருக்கட்டுமுங்க. கோயமுத்தூர்க் கிரைண்டரு, கல்லோட, தூக்க முடியாத கனத்துல இருக்கோணும். அதை நானேதான அடுக்களைக்குள்ள கொண்டுபோய் வெக்கோணும்? வெச்சா ஓட்டிக் காமிக்கோணும். அது ஓடற சத்தத்துல நானும் அந்தப் புள்ளையும் பேசறது வெளிய ஆருக்கும் கேக்காது."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அழுகையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

அந்த வாரமே கிரைண்டர் வந்தது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அதை ஏற்ற கண்டக்டரோடு சண்டை. "ஏனுங்க, கல்லு தனி, டிரம் தனி, இதையெப்படி லக்கேஜுன்னு சொல்றீங்க?" என்று இவர் வாதாட, என் கணவரும் இன்னொருவரும் மூச்சு வாங்க அதைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அவர் மனைவி புளிசாதம் கட்டிக்கொடுத்தார். வழியனுப்ப நானும் போயிருந்தேன்.

பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அம்மணி, மாவு அரைய எத்தனை நேரமாகும்?"

வாழ்நாளில் மாவாட்டாத மனிதர். "அரிசியும் உளுந்தும் ஒண்ணாப் போட்டா சீக்கிரம் ஆயிருமுங்க. தனித்தனியா ஆட்டுனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்" என்றேன்.

பஸ் நகர ஆரம்பித்துவிட்டது.

"அப்பத் தனித்தனியாவே ஆட்டச் சொல்றேன்" என்றார்.